தனித்தடம் கற்பித்த பாடம்

சாலையில் ஓர் உயிர் பறிபோனால், "ஓட்டியவர் கவனமாக இருந்திருக்கலாம்" என்றே நாம் முதலில் சொல்கிறோம். அக்கூற்றில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. தவறுவது மனித இயல்பு. அத்தவறு உயிரைக் குடிக்குமா, சிறு காயத்தோடு விடுமா என்பதைப் பெரும்பாலும் சாலையின் அமைப்பே முடிவு செய்கிறது. நம் நாட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலையின் வரலாறு இதற்குச் சான்று.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் வழியாக இணைக்கும் இந்நெடுஞ்சாலையில், 1970களின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. உலகில் இவ்வகைத் தடங்களுள் இதுவே முதலாவது என்பர். தொழிற்சாலைகள் பெருகிய அக்காலத்தில், தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் வேலை தேடி நகரை நாடியோர் பலருக்கு மோட்டார் சைக்கிளே வாகனம். லாரிகள் விரையும் சாலையில் அவர்களையும் ஓடவிட்டு, எச்சரிக்கை மட்டும் செய்தால் போதாது என்னும் தெளிவு அத்தடத்தில் உருப்பெற்றது.

1990களில் ஷா ஆலம் பகுதியில் தடம் நீட்டிக்கப்பட்டது. ஆய்வாளர் ராடின் உமாரும் அவர்தம் குழுவினரும் நீட்டிப்புக்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துகளை ஒப்பிட்டனர். மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்திருந்தன. ஓட்டுநர்களின் குணம் ஓராண்டில் மாறிவிடவில்லை. கனரக வாகனமும் மெல்லிய வாகனமும் பிரிக்கப்பட்டிருந்தன. 1992இல், பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரியவேண்டும் என்னும் விதியும் வந்தது. பிறர் கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் அதனால் குறைந்தன.

ஆயினும் தடம் குறையற்றதன்று. ஒடுங்கிய அகலம், திடீர் வளைவுகள், சுரங்கவழிகளில் மங்கிய ஒளி, தேங்கும் மழைநீர் ஆகியவற்றுக்கு அஞ்சி முதன்மைச் சாலையிலேயே செல்வோர் இன்றும் உளர். அவர்களைக் கடிந்துகொள்ளுமுன் தடத்தைப் பார்த்தல் நன்று. அமைத்ததைப் பேணாவிடில், காத்த தடமே பகையாகிவிடும். நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்குமேல் மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை என்பதை எண்ணினால், இப்பணியின் அவசரம் விளங்கும்.

இவ்வரலாறு வகுப்பறைக்கும் உரியது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருநாள் காலை தம் பள்ளி வாயிலில் நின்று நோக்கட்டும். வாகனங்கள் எவ்வேகத்தில் திரும்புகின்றன? கடப்போர் காத்து நிற்க இடமுண்டா? வளைவை மறைக்கும் மரமோ பலகையோ உண்டா? கண்டதை எழுதிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியே நகராண்மைக் கழகத்திடம் சேர்க்கலாம். ஒரு சாலை திருந்துவதற்கு அத்தகைய ஒரு தாளே தொடக்கமாக அமையக்கூடும்.