சுமைகூலி

மெல்லிசைக் கச்சேரி மேடை ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். நடுவில் பாடகர். பக்கத்தில் கீபோர்டு. பின்னால் டிரம்ஸ். ஓரமாக, திரைச்சீலையோடு திரைச்சீலையாக ஒருவர் நாலே நாலு தந்தி உள்ள கிடாரை மாட்டிக்கொண்டு நிற்பார் பாருங்கள், அவர்தான் இந்த வாரம் நம் கதாநாயகர். பேஸ் கிடார்காரர்.

அவருக்குக் கைதட்டல் கிடைப்பது அபூர்வம். ஆனால் அவர் அரை நிமிடம் வாசிப்பதை நிறுத்தினால் போதும், பாட்டில் ஏதோ குறைகிறதே என்று கடைசி வரிசைத் தாத்தாவுக்குக்கூடத் தெரிந்துவிடும். என்ன குறைகிறது என்பதுதான் தெரியாது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கச்சேரி முடிந்ததும் புல்லாங்குழல்காரர் தன் கருவியைத் தோள் பையில் செருகிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். நம் ஆள் மட்டும் பீரோ சைஸ் பெட்டி ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கை பிடிக்க யாராவது அகப்படுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் இவருக்கு மட்டும் இந்தத் தலையெழுத்து? எல்லாம் பௌதிகம் செய்த வேலை.

பேஸ் கிடாரின் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. அதனால் காற்றில் எழும் ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம். ஒரு மினி பஸ் நீளம். அவ்வளவு பெரிய அலையைக் கிளப்ப நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். போதாத குறைக்கு, மனிதக் காது தாழ்ந்த ஸ்தாயி விஷயத்தில் கொஞ்சம் மந்தம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்று இருவர் 1933லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்கள். இன்னொன்று. சத்தம் இரு மடங்காகக் காதில் விழவேண்டுமானால் இரு மடங்கு வாட்ஸ் போதாது. ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும்.

ஆக, பெரிய ஸ்பீக்கர். பெரிய காந்தம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தூக்குகூலி.

பேஸ் கருவிகளின் சரித்திரத்தை இசை வரலாறாக எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது சுமைதூக்கிகளின் சரித்திரமாகத்தான் படுகிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1940களின் அமெரிக்கா. அப்போது பேஸ் என்றால் டபுள் பேஸ்தான். ஆள் உயரத்துக்கு ஒரு வயலின். ஜாஸ் குழுக்களில் பத்துப் பதினைந்து பேர் ட்ரம்பெட்டும் ட்ராம்போனுமாக ஊதித் தள்ள, மரக்கூட்டுக்குள்ளிருந்து வரும் அந்தச் சத்தம் முதல் வரிசைக்கே எட்டாது.

எவரெட் ஹல் என்கிற டபுள் பேஸ் வாசிப்பாளருக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் கருவி தரையில் ஊன்றி நிற்க அடியில் ஒரு முளை இருக்கும். ஆங்கிலத்தில் பெக் என்பார்கள். அந்த முளையோடு ஒரு மைக்கைப் பொருத்தி, கருவியின் வயிற்றுக்குள் போகும்படி செய்துவிட்டார். ஆம்ப்ளிஃபை செய்யப்பட்ட பெக். சுருக்கமாக, ஆம்பெக். 1946ல் முளைத்த அந்தப் பெயர்தான் பிற்பாடு ஒரு பெரிய கம்பெனியின் பெயரானது.

ஹல், சத்தத்துக்கு வழி கண்டார். சுமைக்கு வழி கண்டவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இத்தனைக்கும் மனிதருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. 1951ல் டபுள் பேஸைக் கிடார் அளவுக்குச் சுருக்கி, தட்டையான பலகையில் தந்தி கட்டி, மின்சாரம் கொடுத்துவிட்டார். சரியான ஸ்வரத்தில் விரல் வைக்கக் கழுத்தில் கட்டைகள் உண்டு. எனவே ப்ரெசிஷன் பேஸ் என்று பெயர்.

லயனல் ஹாம்ப்டனின் புகழ்பெற்ற ஜாஸ் குழு 1952லேயே அதை மேடையேற்றியது. கேட்டவர்களுக்கு ஒரே குழப்பம். பேஸ் சத்தம் கேட்கிறது, டபுள் பேஸைக் காணோமே! அதே குழுவில் அடுத்த வருடம் வந்து சேர்ந்த மாங்க் மான்ட்கோமரி, மின்சார பேஸை ஜாஸ் உலகம் மதிக்கும்படி செய்தார்.

எல்லோரும் ஓடிவந்து வாங்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். எல்விஸ் பிரெஸ்லியின் பேஸ்காரர் பில் பிளாக், தன் டபுள் பேஸைக் கார் கூரைமேல் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1957ல் அவர் கைக்குப் புதிய மின்சார பேஸ் வந்தது. ஒலிப்பதிவின்போது விரல் பிடிபடவில்லை. கோபத்தில் கருவியைக் கடாசிவிட்டுப் போய்விட்டார். பிறகு? எல்விஸே அதை எடுத்து வாசித்துப் பதிவை முடித்தார். புதிய கருவி வாங்குகிற யாரும் மறக்கக்கூடாத சம்பவம். கடையில் கொடுப்பது பாதி விலைதான். கை பழகும்வரை செலவிடுகிற மாதங்கள் மீதிப் பாதி.

சரி, கிடார் சுருங்கிவிட்டது. ஆம்ப்? அது வளர ஆரம்பித்தது.

1952ல் ஃபெண்டர் கம்பெனி பேஸ்மேன் என்றொரு ஆம்ப் வெளியிட்டது. 26 வாட்ஸ். வேடிக்கை என்னவென்றால், பேஸ்காரர்களைவிட சாதாரண கிடார்காரர்களுக்குத்தான் பேஸ்மேன் அதிகம் பிடித்துப்போனது. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1960களின் தொடக்கத்தில் தன் முதல் ஆம்பை அதைப் பார்த்துத்தான் செய்தார். பேஸ்காரருக்காகச் செய்ததையும் கிடார்காரர் கொண்டுபோய்விட்டார். என்ன சொல்ல!

1960ல் ஆம்பெக் கொடுத்த பதில் அழகானது. பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ். ஒரு பெட்டி, ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், சுமார் 25 வாட்ஸ். கச்சேரி முடிந்ததும் மேலே இருக்கும் ஆம்பைத் தலைகீழாகப் புரட்டினால் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். வால்வுகள் அடிபடாது. தள்ளிக்கொண்டு போகச் சக்கரப் பலகையும் உண்டு. தினம் தினம் சுமந்த ஒருவரின் கம்பெனியில்தான் இப்படியெல்லாம் யோசிக்கத் தோன்றும்.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பி-15 வைத்திருந்தவர்களில் ஒருவர். 1960களில் அமெரிக்கா ஆடிய பாடல்களில் பாதிக்கு அடித்தளம் போட்டவர் என்றே சொல்லலாம். வலது கையில் ஒரே விரலால் வாசிப்பார். 1962ஆம் வருடத்து ப்ரெசிஷன் பேஸ் ஒன்று. தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அழுக்கேறி மந்தமான அந்தத் தந்திகளின் ஓசைதான் அவருக்கு வேண்டியிருந்தது. பராமரிப்பு என்றால் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து வைப்பது மட்டுமல்ல. எதைத் தொடக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதும்தான்.

ஆனால் உலகம் 25 வாட்ஸோடு நிற்கவில்லை. 1965 ஆகஸ்ட் 15. நியூயார்க், ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸைப் பார்க்க 55,600 பேர். வாக்ஸ் கம்பெனி விசேஷமாக 100 வாட்ஸ் ஆம்ப்கள் செய்து கொடுத்திருந்தது. பிரயோஜனமில்லை. ரசிகைகள் போட்ட கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டோடு பீட்டில்ஸ் ஊர் ஊராகக் கச்சேரி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். காரணங்கள் பல. இதுவும் ஒன்று.

எவரெட் ஹல்லுக்கு ராக் இசை என்றாலே ஆகாது. கரகரப்பில்லாத சுத்தமான நாதம் வேண்டும் அவருக்கு. 1967ல் கம்பெனி கைமாறியது. இரண்டே வருடத்தில் அதே ஆம்பெக், எஸ்.வி.டி. என்கிற அசுரனைப் பெற்றெடுத்தது. 300 வாட்ஸ். 14 வால்வுகள். தலை மட்டும் சுமார் 40 கிலோ. அதற்கென்று எட்டு ஸ்பீக்கர்கள் வைத்த பெட்டி தனி. 1969ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இவற்றைத்தான் கொண்டுபோனது. கவனியுங்கள், ஆம்ப்களைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி ஆள் ஒருவரும் கூடவே போனார். அசுரனை வளர்ப்பதென்றால் தீனி மட்டும் போதாது. பாகன் வேண்டும்.

உச்சக்கட்டம் 1974. கிரேட்ஃபுல் டெட் என்கிற கலிஃபோர்னியா குழு ஒரு சத்தச் சுவரையே கட்டியது. நிஜமாகவே சுவர்தான். அறுநூறு ஸ்பீக்கர்களுக்குமேல். மொத்தம் 75 டன். பேஸ்காரர் ஃபில் லெஷ்ஷுக்கு மட்டும் சுமார் 30 அடி உயர ஸ்பீக்கர் தூண்கள். அவர் கிடாரின் நான்கு தந்திகளும் நான்கு தனி வழியாகப் போய் ஒலிக்கவும் வசதி. கேட்டவர்கள் இன்றுவரை சிலாகிக்கிறார்கள். ஆனால் ஓரிடத்தில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு மேடைச் சட்டத்தை நிறுத்தியாகவேண்டும். லாரி, ஆட்கூலி, போதாக்குறைக்கு அப்போது எகிறியிருந்த எண்ணெய் விலை. அதே வருடம் அக்டோபரோடு சுவர் காலி.

நான் பி.காம். படித்தவன். வரவு, செலவு, தேய்மானம் என்றுதான் எனக்கு எதையும் பார்க்க வரும். அப்படிப் பார்த்தால் இந்தக் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. சத்தச் சுவர் தோற்றது ஒலியால் இல்லை. சுமைகூலியால்.

அதற்குப் பிறகு காற்று மாறியது. கிடாரிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒலியை அனுப்பும் டி.ஐ. பாக்ஸ் என்கிற சிறு டப்பா மேடைகளில் சகஜமானது. அரங்கத்துக்குச் சத்தம் கொடுப்பது அரங்கத்தின் ஸ்பீக்கர்கள் வேலை. மேடையில் இருக்கும் ஆம்ப், வாசிப்பவர் காதுக்கு மட்டும். 2000க்குப் பிறகு கிளாஸ் டி தொழில்நுட்பத்தில் 500 வாட்ஸ் ஆம்ப்கள் இரண்டு கிலோ எடையில் வந்துவிட்டன. நியோடிமியம் காந்தம் ஸ்பீக்கரின் எடையையும் குறைத்தது. எவரெட் ஹல் பார்த்திருந்தால் முதலில் தன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார்.

எடை குறைந்தாலும் கவனம் குறையலாமா? கூடாது. சில பாடங்களை மற்றவர்கள் ரொம்ப விலை கொடுத்துப் படித்திருக்கிறார்கள்.

1972 மே 3. வேல்ஸில் ஸ்வான்ஸீ நகர மேடை. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார்காரர் லெஸ் ஹார்வி ஒரு மைக்கைத் தொட்டார். எர்த் சரியில்லை. மேடையிலேயே உயிர் போய்விட்டது. எர்த் இல்லாத ப்ளக்கில் எவ்வளவு நல்ல கருவியைச் செருகினாலும் அது எமன்தான். ஒலிபெருக்கிக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். முடிந்ததும் சூட்டோடு தூக்கி வண்டியில் போடவும் கூடாது. ஆறட்டும். கிடார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் பார்க்க அண்ணன் தம்பிபோல் இருக்கும். மாற்றிச் செருகினால் வயர் சூடாகும், ஆம்புக்கும் ஆபத்து. 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் மாட்டினால் ஆம்புக்கு அது 4 ஓம். அதைத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருக்கும். படித்துவிட்டு மாட்டுங்கள். பையில் உபரியாக ஒரு கேபிள், ஒரு ஃப்யூஸ், ஒரு செட் தந்தி, ஒரு 9 வோல்ட் பேட்டரி. இவ்வளவுதான் இன்ஷூரன்ஸ்.

அப்புறம், திருட்டு. பால் மெக்கார்ட்னி 1961ல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ், பீட்டில்ஸின் ஆரம்ப காலப் பாடல்களில் கேட்பது அதுதான். 1972 அக்டோபரில் லண்டனில் நிறுத்தியிருந்த ஒரு வேனிலிருந்து காணாமல் போனது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, அவர் கைக்குத் திரும்பிவிட்ட செய்தி 2024ல்தான் வெளியானது. மெக்கார்ட்னிக்குத் தேடிக்கொடுக்க ஆள் இருந்தது. ஜேமர்சனின் 1962 பேஸ் அவர் 1983ல் இறப்பதற்குச் சற்று முன்னால் திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வண்டியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பையன் பேஸ் கிடார்தான் என்று அடம்பிடித்தால், அல்லது உங்களுக்கே அந்த ஆசை வந்தால், கடையில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். விற்பனையாளர் வால்யூமைக் கூட்டிக் கண்ணாடி அதிரக் காட்டுவார். மயங்காதீர்கள். ஆம்பை அணைக்கச் சொல்லிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பாருங்கள்.

மூச்சு வாங்காவிட்டால், பிறகு வாசித்துப் பார்க்கலாம்.