ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை

கல்முனைக் கரையோரத்தில் கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் உள்ள இடம் ஹொக்கிக்கு இல்லை. ஆயினும் தன்ராஜ் பிள்ளையின் பெயரை நாம் அறிந்தே இருந்தோம். 1968இல் புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த இம்முன்கள வீரர், நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும் நான்கு உலகக் கிண்ணப் போட்டிகளிலும் ஆடினார். 1998இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் அணித் தலைவராக நின்று, 32 ஆண்டுகளின் பின் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுக் கொடுத்தார். அவ்வெற்றியின் சூடு ஆறுமுன்னரே அணியிலிருந்து நீக்கப்பட்டார். வீரர்களுக்கான கொடுப்பனவைக் கேட்டதே காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. மீண்டு வந்தவருக்கு 2000 சிட்னியில் இன்னொரு அடி: போலந்து கடைசி நேரத்தில் அடித்த கோலால் ஆட்டம் 1-1 எனச் சமநிலையாகி, அரையிறுதி கைநழுவியது. ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு இறுதிவரை கிட்டவேயில்லை. ஆனால் மக்கள் அவரை நேசித்தது பதக்கக் கணக்கைப் பார்த்தல்ல. பந்தோடு பாய்ந்த வேகத்தையும், சக வீரர்களுக்காக அஞ்சாது பேசிய வாயையுமே என்பது நமது எண்ணம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கே அவரது கடைசி ஒலிம்பிக்.