யாகி – ஊடா அலைவாங்கி: ஆக்கியோன் பெயர் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

நூலுக்குப் பாயிரம் உரைக்கப் புகுவோர் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தல் தமிழ் மரபு. பெயர் அறியப்படாத புலவர்க்கு அவர்தம் பாட்டில் அமைந்த அருந்தொடரையே பெயராக இட்டு வழங்கியதும் அம்மரபே. செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்கள் அத்தகையன. ஆக்கியவன் பெயர் மறைந்தவிடத்தும் அவனுக்கு ஒரு பெயர் வேண்டும் எனக் கருதிய உள்ளத்தின் சான்றுகள் இவை. இதற்கு மாறாக, ஆக்கியோர் இருவர் பெயரும் ஏட்டில் தெளிவாக இருந்தும், ஒருவர் பெயரே உலக வழக்கில் நின்று மற்றவர் பெயர் மங்கிய வரலாறு ஒன்று நம் காலத்திலேயே நிகழ்ந்துள்ளது. அஃது ஏட்டுச் சுவடியின் வரலாறன்று. நம் வீட்டுக் கூரைமேல் நின்ற ஒரு கருவியின் வரலாறு.

தொலைக்காட்சி அலைகளை வாங்குதற்பொருட்டு மொட்டைமாடியிலும் ஓட்டுக் கூரையிலும் நாட்டப்பெற்ற மீன்முள் வடிவக் கருவியை மக்கள் 'ஆண்டெனா' என்றனர். ஈண்டு அதனை 'அலைவாங்கி' எனக் குறிப்போம். பொறியியலார் இவ்வகை அலைவாங்கியைப் பேச்சில் 'யாகி' என்பர். நூல்களில் 'யாகி – ஊடா' என்று எழுதுவர். இவ்வேறுபாடு எவ்வாறு எழுந்தது? அக்கருவியைத் தத்தம் இடத்திற்கேற்பத் திருத்திக்கொண்ட வீட்டு மக்களுக்கு அதன் வரலாற்றில் உரிய இடம் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கருவியின் பிறப்பு

சப்பான் நாட்டுச் செண்டாய் நகரில் உள்ள தொகோக்குப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் 1924ஆம் ஆண்டு முதல் இவ்வாய்வு நடைபெற்றது. பேராசிரியர் இதெட்சுகு யாகி (1886–1976) ஆய்வுக்கூடத்தை வழிநடத்தினார். அவர்க்கு உதவியாளராயிருந்த சிந்தாரோ ஊடா (1896–1976) செய்முறை ஆய்வுகளை நிகழ்த்தினார். மின்கம்பி எதனோடும் இணைக்கப்படாத வெறுந்தண்டுகளை அலை வாங்கும் தண்டின் முன்னும் பின்னும் நிறுத்தினால், அலையை ஒரு திசையில் குவிக்கலாம் என்பதே அவர்கள் கண்ட உண்மை. இணைப்பில்லாத தண்டு பணிசெய்யும் என்பது வியப்பன்றோ? வரும் அலை அத்தண்டில் மின்னோட்டத்தை எழுப்ப, அம்மின்னோட்டம் மீண்டும் அலையை வெளிவிட, அவ்வலை நடுத்தண்டில் வந்து சேர்ந்து வலுப்பெறுகின்றது என்க.

ஊடா தம் முடிபுகளை 1926 தொடங்கிச் சப்பானிய மொழியில் ஒரு வரிசைக் கட்டுரைகளாக வெளியிட்டார். உரிமைப் பட்டயம் யாகியின் பெயரில் பெறப்பட்டது. 1928ஆம் ஆண்டில் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை அமெரிக்க வானொலிப் பொறியியலார் கழகத்தின் இதழில் வெளிவந்தது. மேலைநாட்டறிஞர் பெரும்பாலோர் இக்கருவியை அறிந்தது அவ்வொரு கட்டுரை வாயிலாகவே. வெளிநாட்டு உரிமைகளும் யாகியின் பெயரோடு இங்கிலாந்து, அமெரிக்க வானொலி நிறுவனங்களுக்குச் சென்றன.

3. பெயர் சென்ற வழி

ஆசிரியர் மாணாக்கனின் உழைப்பைக் கவர்ந்துகொண்டார் எனச் சிலர் இதனை விளக்குவர். அது பொருந்துமாறில்லை. என்னை? 1928ஆம் ஆண்டுக் கட்டுரையில் யாகி ஊடாவின் ஆய்வை மறைத்தாரல்லர், வெளிப்படையாகவே சுட்டியுள்ளார். 1926ஆம் ஆண்டில் சப்பானியப் பேரரசுக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்த சிறு கட்டுரையும் இருவர் பெயரையும் தாங்கியதே. ஆகவே பெயர் மறைவுக்குக் காரணம் எழுதியோரிடத்து இல்லை, படித்தோரிடத்தே உள்ளது. அவர்கள் தாம் அறிந்த மொழியில் உள்ளதைப் படித்தனர். அதன் முகப்பில் கண்ட பெயரைக் கருவிக்கு இட்டனர். ஊடாவின் கட்டுரைகள் சப்பானியத்தில் இருந்தமையின் அவை எட்டாக்கனியாயின. தாய்மொழியில் ஆய்வு எழுதுவோர் அனைவரும் எண்ணிப் பார்த்தற்குரிய செய்தி இது.

பெயர் வெளிநாடு சென்றதன் விளைவு 1942ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கதிரலைக் கருவிகளைப் பற்றிய குறிப்பேடொன்றில் 'யாகி' என்னும் சொல் பலகாலும் வர, சப்பானியப் படைத்துறையினர் அதன் பொருள் விளங்காமல் திகைத்தனர் என்றும், சிறைப்பட்ட ஆங்கிலப் படைவீரர் ஒருவர் "அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்" என விளக்கினார் என்றும் கூறுவர். தன் நாட்டில் பிறந்த சொல்லை ஒரு நாடு பகைவர் வாயிலாகக் கேட்டறிந்தது. செண்டாய் ஆய்வின் பயனைச் சப்பானியப் படைத்துறை உணராதிருக்க, பிறநாட்டார் உணர்ந்து மேற்கொண்டனர். இந்நிகழ்ச்சியிலும் ஒலித்தது யாகியின் பெயர் மட்டுமே என்பது நோக்கத்தக்கது.

ஊடாவுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் அவர் ஐக்கிய நாடுகள் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனத்தின் வல்லுநராகப் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நுண்ணலை ஆய்வுக்குத் துணைநின்றார். அதே நகரில் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் இந்தியத் தொலைக்காட்சி தொடங்கிற்று. பின்னர் இந்நாட்டுக் கூரைகளில் இலக்கக் கணக்கில் நின்ற கருவியை ஆக்கியோருள் ஒருவர் நம்மிடையே வாழ்ந்து பணிசெய்திருந்தும், கூரையேறிக் கம்பியைத் திருப்பியவர் எவரும் அவர் பெயரைக் கேட்டதில்லை.

4. கருவியின் இலக்கணம்

மக்கள் செய்த திருத்தங்களை மதிப்பிட வேண்டின் கருவியின் இலக்கணத்தைச் சுருங்க அறிதல் வேண்டும். அது மூன்று உறுப்புடையது. நடுவில் நிற்பது அலை வாங்கும் தண்டு; கம்பி இணைக்கப்படுவது இதனோடே. இதன் பின்னே சற்று நீண்ட தண்டு ஒன்று நிற்கும். அது பின்செல்லும் அலையை முன்னோக்கித் திருப்பும். முன்னே சற்றுக் குறுகிய தண்டுகள் நிரலாக நிற்கும். அவை அலையை நடுத்தண்டிற்கு வழிகாட்டும். ஆதலின் குறுந்தண்டுகள் உள்ள பக்கமே ஒளிபரப்பு நிலையத்தை நோக்க வேண்டும்.

நடுத்தண்டின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. நொடிக்கு 6 கோடி அதிர்வுடைய அலையின் நீளம் 5 மீட்டர். அதற்குரிய தண்டு ஏறத்தாழ 2½ மீட்டர். 20 கோடி அதிர்வுடைய அலைக்கு முக்கால் மீட்டர்த் தண்டே போதும். ஒரு நிலையத்திற்கென அளந்து செய்த அலைவாங்கி மற்றொரு நிலையத்திற்குச் செவ்வனே பயன்படாமைக்குக் காரணம் இதுவே. முன்தண்டுகளின் தொகை பெருகப் பெருகக் கருவியின் கூர்மை பெருகும். ஆயின் பின்னர்ச் சேர்க்கும் ஒவ்வொரு தண்டும் முன்னதினும் குறைந்த பயனே தரும். கூர்மை பெருகுங்கால் பார்வை குறுகுமாதலின் திசையும் பிழையாது அமைதல் வேண்டும்.

5. தென்கடற்கரை வழக்கு

இவ்விலக்கணத்தை வழக்கு எவ்வாறு மேற்கொண்டது என்பதற்குத் தமிழகத்தின் தென்கடற்கரை தக்க சான்றாகும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. தூத்துக்குடி சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு அப்பாற்பட்டது. அந்நிலையத்தின் அலை அங்கு எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15ஆம் நாள் இலங்கையில் சப்பானிய அரசின் உதவியால் அமைந்த ரூபவாகினி தொடங்கிற்று. சிங்கப்பூர் வீழ்ந்த நாளுக்குச் சரியாக 40 ஆண்டுகள் கழித்து அந்நாள் வாய்த்தமை தற்செயலேயாயினும் குறிக்கத்தக்கது. அதன் அலை இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையினின்றும் (2,524 மீட்டர்) எழுந்தது. சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழ் நிகழ்ச்சிகளும் அதில் இடம்பெற்றன. தமிழகக் கடற்கரை மக்கள் கூரைமேல் மூங்கிலையும் இரும்புக் குழாயையும் நாட்டித் தென்கிழக்கு நோக்கினர்.

ஆயினும் இங்கு ஒரு தடை எழுகின்றது. அம்மலைக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 350. நிலவுருண்டையின் வளைவை நோக்கக் கணக்கிட்டால், அம்மலை உச்சியினின்றும் புறப்படும் அலை 15 மீட்டர்க் கம்பத்தை நேரே எட்டும் எல்லை ஏறத்தாழ 220 கிலோமீட்டரே. கம்பத்தை 5 மீட்டரிலிருந்து 20 மீட்டராக உயர்த்தினும் அவ்வெல்லை 9 கிலோமீட்டர் அளவே விரியும். கணக்கின்படி வாராத படம் கண்ணெதிரே வந்தது எங்ஙனம்? கடல்மேல் ஈரக்காற்றின் மீது வெப்பமான உலர்காற்று படியுங்கால் அவ்வடுக்கு அலையை வளைத்து நெடுந்தொலைவு கொண்டுசெல்லும். ஆதலின் ஒருநாள் கண்ணாடி போல் தெரிந்த படம் மறுநாள் மறைந்தது. வானிலையின் மாற்றத்தை வீட்டினுள் இருந்தே கண்டறியும் கருவியாகவும் அலைவாங்கி அமைந்தது எனலாம்.

இந்நிலையில் மக்கள் கற்றுக்கொண்டவை பல. 1980களின் இறுதியில் அவ்வட்டாரத்தில் சிறு பிள்ளையாயிருந்த இக்கட்டுரையாளர் நேரிற் கண்டவற்றுள் ஒன்றை ஈண்டுக் காட்டுவோம். கூரைமேல் ஒருவர் நின்று குழாயைத் திருப்புவார். முற்றத்தில் ஒருவர் நிற்பார். பெட்டியின் முன் ஒருவர் அமர்ந்திருப்பார். "தெரியுதா?" என்னும் வினா மேலிருந்து முற்றத்தின் வழியாக உள்ளே செல்லும். "புள்ளி விழுதுண்ணே" என்றோ, "நிழல் அடிக்குது" என்றோ, "தெளிஞ்சிட்டு, விட்டுரு" என்றோ விடை அவ்வழியே மீளும்.

இவ்விடைகளை வெறும் பேச்சு எனத் தள்ளுதல் கூடாது. 'புள்ளி', 'நிழல்' என்பன வெவ்வேறு குறைகளைச் சுட்டும் கலைச்சொற்களாக வழங்கின. வரும் அலை வலுக்குன்றி இரைச்சலில் மூழ்குவதால் விழுவது புள்ளி; அதற்கு மருந்து உயரமும் மிகுதித் தண்டுகளும் ஆம். நேரலையோடு, சுவரிலோ நீர்த்தொட்டியிலோ பட்டுத் தெறித்த அலையும் சற்றுப் பிந்தி வந்து சேர்வதால் எழும் இரட்டை உருவே நிழல். உயரம் ஒன்றே இதனைத் தீர்க்காது, திருப்புதலும் இடம் மாற்றுதலும் வேண்டும். பொறியியல் நூல் இரு வேறு இயல்களில் கூறும் பொருளை இரு சொற்களில் அடக்கி, நோய்க்கேற்ற மருந்தையும் மக்கள் அறிந்திருந்தனர்.

'பூஸ்டர்' என வழங்கிய பெருக்கியைப் பற்றிய அறிவும் அத்தகையது. அதனைப் பெட்டியின் அருகில் வைத்தால் நீண்ட கம்பியில் அலை தேய்ந்தபின் எஞ்சியதையும் இரைச்சலையும் ஒருங்கே பெருக்கும். கம்பத்தின் மேலேயே வைத்தால் தேய்வதற்கு முன் பெருக்கும். பட்டறிவினால் இதனை உணர்ந்தோர் கம்பத்தின் தலையிலேயே அதனைக் கட்டினர். தட்டையான இரட்டைக் கம்பி மழையில் நனைந்தாலும் இரும்புக் குழாயை ஒட்டிச் சென்றாலும் அலை குன்றும் என்பதையும், உப்புக்காற்றினால் இணைப்புத் திருகு பச்சை பூத்தால் அதனைச் சுரண்டித் துடைக்க வேண்டும் என்பதையும் வானொலி பழுதுபார்ப்போரும் வீட்டாரும் அறிந்திருந்தனர். பின்னர்க் கொடைக்கானல் மலைமேல் உயராற்றல் நிலையம் அமைந்தபோது கம்பங்கள் பல வடக்கு நோக்கித் திரும்பின. 1990களில் கேபிள் வந்தது. கம்பங்கள் கொடிக்கயிறு கட்டவே பயன்பட்டன.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, 'யாகி' என்னும் ஒற்றைப்பெயர் வழக்கு ஆய்வின் பங்கீட்டைக் காட்டுவதன்று. படித்தோரின் மொழி எல்லையைக் காட்டுவது. ஆதலின் 'யாகி – ஊடா' என்னும் இரட்டைப் பெயரே வரலாற்றுக்கு ஒத்தது. 1995ஆம் ஆண்டில் செண்டாயில் நாட்டப்பெற்ற பன்னாட்டு மின்பொறியியலார் கழகத்தின் நினைவுப் பட்டயமும் இருவரையும் ஒருங்கே குறிக்கின்றது. இரண்டாவது, கருவியின் வரலாறு ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. ஒவ்வோர் ஊரின் மலையும் கடலும் காற்றும் நோக்கி அதனைத் திருத்தியோரும் அவ்வரலாற்றின் உறுப்பினரே. மூன்றாவது, அவர்தம் அறிவு சொற்களில் தங்கியுள்ளது. சொற்கள் மறையின் அறிவும் மறையும்.

இம்மூன்றாம் முடிபே நம் துறைக்கு மிக உரியது. அலைவாங்கி பிறந்த செண்டாய் நகரில் பழைய முறை ஒளிபரப்பு 2012 மார்ச் 31ஆம் நாள் நின்றது; ஆயினும் எண்முறை ஒளிபரப்பை வாங்குதற்கு அவ்வடிவமே அங்குக் கூரைகளில் இன்றும் நிற்கின்றது. இந்தியாவிலோ தூர்தர்சனின் பழைய முறைத் தரைவழி நிலையங்களுள் மிகப்பல 2022ஆம் ஆண்டிற்குள் மூடப்பட்டன. கூரையேறித் திருப்பிய தலைமுறையினர் இன்று முதுமை எய்தி வருகின்றனர். உழவு, மீன்பிடி, நெசவு முதலிய தொழிற்சொற்களைத் தொகுத்தற்கு நம் பல்கலைக்கழகங்கள் ஆய்வாளரை ஊர்தோறும் அனுப்பின. புள்ளியும் நிழலும் அத்தொகுதியில் இடம்பெறத் தக்கனவே. ஊடாவின் கட்டுரைகளேனும் சப்பானிய ஏட்டில் எழுதப்பட்டுக் கிடந்தன. பின்னர் எவரேனும் எடுத்துப் படிக்க இயன்றது. கூரைமேல் நின்றோரின் சொற்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவற்றைக் கேட்டு எழுதும் கடமை முதுகலை மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் உரியது. காலம் தாழ்த்தல் ஆகாது.