விளக்கிச் சொன்ன பெண்கள்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் எங்கள் குடிகாட்டுப் பக்கம், கடலூர்–சிதம்பரம் சாலையில் காவி உடுத்திய கூட்டம் தெற்கே நடந்துபோகும். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள். இந்துப் பெண்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மாதாவை அறியாதவர் எங்கள் ஊரில் இல்லை. ஆனால், கிறித்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் தடுமாறிவிடுவோம். நான் கிறித்தவள் அல்ல, வரலாறு படித்தவள். அந்த நம்பிக்கைகளை எளிமையாகச் சொல்லிவிட்டு, அவற்றைத் தமிழ்ப் பெண்களுக்கு யார் விளக்கினார்கள் என்று பார்ப்பதே இங்கே என் நோக்கம்.

கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், தென்னிந்தியத் திருச்சபையார் எனப் பிரிவுகள் பல. ஆனாலும் பெரும்பாலானோருக்கு அடிப்படை ஒன்றுதான். கடவுள் ஒருவரே. தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் இருக்கிறார். உலகைப் படைத்தவர் அவர். மனிதர்கள் பாவத்தால் அவரைவிட்டு விலகிப்போனார்கள். மகனாகிய இயேசு மனிதனாகப் பிறந்து, சிலுவையில் இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். அதனால் மனிதருக்கு மன்னிப்பும் முடிவில்லாத வாழ்வும் கிடைக்கின்றன. இதை யாரும் சம்பாதிக்க முடியாது, கடவுள் இலவசமாகத் தருவது. அதற்குத்தான் அருள் அல்லது கிருபை என்று பெயர்.

இவற்றைச் சுருக்கிச் சொல்லும் பழைய அறிக்கை ஒன்று உண்டு. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் என்பார்கள். இயேசுவைத் தவிர அதில் வரும் மனிதப் பெயர்கள் இரண்டே இரண்டு. ஒன்று அவரைப் பெற்ற மரியாள், மற்றொன்று அவருக்குச் சிலுவைத் தண்டனை விதித்த ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து. கடவுள் உடலெடுத்தார் என்ற நம்பிக்கையைச் சொல்ல ஒரு பெண்ணின் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

அதில் இல்லாத ஒரு பெயரையும் கவனிக்க வேண்டும். இயேசு உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் அறிந்தவர்கள் பெண்கள் என்றே நான்கு நற்செய்தி நூல்களும் சொல்கின்றன. யோவான் நற்செய்தியில், போய்ச் சீடர்களிடம் சொல் என்று மகதலேனா மரியாளிடம்தான் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. லூக்கா நற்செய்தியிலோ, பெண்கள் சொன்னதை வெறும் பேச்சென்று ஆண்கள் தள்ளிவிடுகிறார்கள். சொன்னவள் பெண், நம்ப மறுத்தவர்கள் ஆண்கள். தமிழ்நாட்டு வரலாற்றிலும் இதன் சாயலைப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சானது. அண்ட்ரிக் அடிகளார் எனப்படும் போர்த்துக்கீசியத் துறவி முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காகத் தமிழில் ஆக்கியது. அதுவே ஒரு ஞானோபதேச நூல்தான். அதாவது, கிறித்தவ நம்பிக்கைகளை எளிய மக்களுக்கு விளக்குவதிலிருந்தே தமிழ் அச்சு தொடங்குகிறது. கடவுளுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்பதே பெரிய சிக்கலாக இருந்தது. தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று சொல் மாறிக்கொண்டே வந்தது.

எங்கள் பகுதிக்கும் இதில் பங்குண்டு. பரங்கிப்பேட்டை, கொள்ளிடம் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்றவர் கடலூரில் பிறந்த ஆரோன். 1733இல் அவர் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டன்ட் குருமாரில் முதல்வர் அவரே. ஆரோன் வேளாளர். அதே காலத்தில் திறமையாக ஊழியம் செய்த பறையர் சமூகத்து உபதேசியார் இராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் தரப்படவில்லை. அவர் கையால் மற்றச் சாதியார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதே தடை. போதிக்கும் உரிமையில் சாதி இப்படிக் குறுக்கே நின்றது. பெண்களைப் பற்றியோ அந்தக் கேள்வியே எழவில்லை.

பாளையங்கோட்டை கிளாரிந்தாவின் கதை இதைவிடக் கூர்மையானது. தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவையான அவர், ஓர் ஆங்கிலேய இராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். திருமணம் ஆகாத உறவு என்பதால் மிஷனரி ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகே, 1778இல், தந்தார். கிருபை இலவசம் என்று போதித்த சபை, ஒரு விதவையின் வாழ்க்கையை முதலில் அளந்து பார்த்தது. ஆனால், 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் உள்ள 40 பேரில் முதற்பெயர் கிளாரிந்தாதான். 1785இல் அங்கே எழுந்த ஆலயமும் அவர் முயற்சியால் எழுந்தது.

மனிதர் அனைவரும், ஆணும் பெண்ணும், கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்பது இன்னொரு அடிப்படை நம்பிக்கை. கேட்க எளிது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மூடியபோது அதற்கு எவ்வளவு விலை என்று தெரிந்தது. அவர்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859இல் அரசு இறங்கிவந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்றது. மிஷனரிகளுக்கு அதில் ஐரோப்பிய நாகரிகக் கணக்கு ஒன்றும் இருந்தது உண்மை. ஆனால் அடிவாங்கியது அந்தப் பெண்களின் உடல்.

இனி, விளக்கியவர்களிடம் வருவோம். ஆண் உபதேசியாருக்குத் திண்ணையோடு சரி. அடுப்படி வரை போகப் பெண்தான் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் சபைகள் 'பைபிள் பெண்'களை வேலைக்கு வைத்தன. பலர் விதவைகள். வீடு வீடாகப் போய் எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள், கதை சொன்னார்கள், கேள்விக்குப் பதில் சொன்னார்கள். பிள்ளை ஏன் செத்தது, விதவையானது என் பாவமா என்று கேட்கும் பெண்ணுக்கு அருள், மன்னிப்பு, உயிர்த்தெழுதல் என்ற சொற்களை வீட்டுத் தமிழில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. புத்தகத்தில் இல்லாத இறையியல் வேலை அது. ஆனால் அதற்கு உதவியாள் வேலை என்றே பெயர், சம்பளமும் குறைவு.

ஆரோன் குருவானது 1733இல். தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண், புஷ்பலலிதா, முதன்முதலாகப் பேராயரானது 2013இல். இடையே 280 ஆண்டுகள். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்களுக்குக் குருத்துவம் இன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளுக்கு முதல் செபத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அம்மாக்களும் ஆத்தாக்களும்தான்.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் பழைய தேவாலயம் இருந்தால் கல்வெட்டில் குருமார் பட்டியல் இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தெருவின் மூத்த பெண்களிடம் போய், உங்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை அதே நோட்டில், அதே பக்கத்தில் எழுதுங்கள்.