வகைக்கு முன் வீடு: செஞ்சி வட்டாரச் சர்க்கரை நோயாளிக்கு எந்த டயாலிசிஸ்?

சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஏற்றது ரத்த டயாலிசிஸா, வயிற்று டயாலிசிஸா? எல்லாருக்கும் பொருந்தும் விடை மருத்துவ ஆய்வுகளில் இல்லை. நோயாளியின் கண், ரத்தக்குழாய், இதயம், வீடு, மருத்துவமனைக்குப் போகும் வழி ஆகியவற்றைப் பார்த்தே விடை காண முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். செஞ்சிக்கு வடக்கே, மகேந்திரவர்மனின் குடைவரை உள்ள சீயமங்கலத்தையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

ஆய்வுகள் தரும் விடை

குலுக்கல் முறையில் இருவகையையும் ஒப்பிட நெதர்லாந்தில் ஒரு முயற்சி நடந்தது. அதற்கு இசைந்தவர்கள் 38 பேர் மட்டுமே. 2003இல் வெளியான அதன் முடிவைக் கொண்டு உறுதியாக எதையும் சொல்ல இயலாது. ஏறத்தாழ நான்கு லட்சம் அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சர்க்கரை நோயுடன் வேறு பெரிய நோய் இல்லாதவர்களில், 45 வயதுக்குட்பட்டோர் வயிற்று டயாலிசிஸில் கூடுதலாகப் பிழைத்தனர். அதற்கு மேற்பட்டோர் ரத்த டயாலிசிஸில் சற்றுக் கூடுதலாகப் பிழைத்தனர். எனவே ‘சர்க்கரை நோய்’ என்ற ஒற்றைக் காரணத்தை வைத்து எந்த வகையையும் ஒதுக்கிவிட முடியாது.

உடல் விதிக்கும் நிபந்தனைகள்

ரத்த டயாலிசிஸுக்குப் பெரும்பாலும் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவையால் இணைப்பது) போட வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயில் தமனிகளில் சுண்ணாம்பு படிந்துவிடுவதால், பலருக்கு ஃபிஸ்டுலா சரியாக முதிர்வதில்லை. நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு நான்கு மணி நேர டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் திடீரெனச் சரிகிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு இது பெரும் ஆபத்து.

வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வடிக்கும் வயிற்று டயாலிசிஸ் நாள் முழுதும் மெதுவாக நடப்பதால் இந்தச் சரிவு குறைவு. மிச்சமிருக்கும் சிறுநீர்ப் போக்கும் கூடுதல் காலம் நிலைக்கிறது. ஆனால் அதன் திரவத்தில் இருப்பதே குளுக்கோஸ். இரண்டு லிட்டர் பையில், 1.5 விழுக்காடு திரவமானால் 30 கிராம், 2.5 விழுக்காடானால் 50 கிராம். முதல் வகையில் மூன்று பை, இரண்டாம் வகையில் ஒரு பை பயன்படுத்துபவரின் வயிற்றுக்குள் தினமும் 140 கிராம் செல்கிறது. அதில் பாதிக்கு மேல் ரத்தத்தில் சேர்ந்துவிடும். இன்சுலின் அளவை அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும். குளுக்கோஸுக்குப் பதிலாக ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம் பயன்படுத்துவோர்க்குச் சிலவகை குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தினமும் புரதம் வீணாவதும், வயிற்றுறையில் சீழ்த்தொற்று வருவதும் பிற குறைகள். முன்பு வயிற்றில் பெரிய அறுவை நடந்தவர்களுக்கு இம்முறை பெரும்பாலும் ஒத்துவராது.

வீடும் வழியும்

ரத்த டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள் பயணம். முண்டியம்பாக்கம், திருவண்ணாமலை, வேலூர், புதுச்சேரி என்று எங்கே போனாலும் துணைக்கு ஒருவர் வேண்டும். இருவரின் கூலியும் போகும். வழியே அடைபடும் நாட்களும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் உயர்ந்ததால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறும் நோயாளிக்கு அத்தகைய நாட்கள் உயிர்ப் பிரச்சினை.

கையிருப்பில் பைகள் இருந்தால் வயிற்று டயாலிசிஸ் அந்த நாட்களிலும் நடக்கும். அதற்கு வீடு இடம்கொடுக்க வேண்டும். நாளுக்கு நான்கு பை என்றால் மாதத்துக்கு 120 பை, அதாவது சுமார் 240 கிலோ. ஓர் அறையும் திண்ணையும் மட்டுமே உள்ள வீட்டில் இவற்றை நனையாமல் எங்கே அடுக்குவது? ஆடு மாடு அண்டாத, தூசியற்ற மூலை உண்டா? சோப்புப் போட்டுக் கைகழுவ நல்ல தண்ணீர் உண்டா? விழித்திரை பழுதாகிக் கண் மங்கியவருக்குப் பையின் முனையைத் தொற்றில்லாமல் இணைத்துவிட மகளோ மருமகளோ நாள்தோறும் உடனிருப்பார்களா? ஆய்வுக்கூட முடிவுகளைவிட இவையே தொற்று வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

கொள்கைக்கு ஒரு கோரிக்கை

2016இல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் ரத்த டயாலிசிஸை மையமாகக் கொண்டே வளர்ந்தது. வயிற்று டயாலிசிஸுக்கான வழிகாட்டுதல் 2019இல்தான் வந்தது. இயந்திரம் இருக்கும் இடத்தில் இயந்திரமே சிகிச்சையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. எதிர்த்திசையில் கட்டாயப்படுத்துவதும் சரியன்று. 2008இல் வயிற்று டயாலிசிஸுக்கே முதலிடம் என்று வகுத்த தாய்லாந்து, 2022இல் தேர்வை நோயாளியிடமே விட்டது.

தமிழ்நாட்டுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்று டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்ப்பதும் ஒரு சேவை. சர்க்கரை மாத்திரை கொடுக்க நோயாளியின் வாசலுக்கு ஏற்கெனவே ஓர் ஊழியர் போய்வருகிறார். சிறுநீரகச் செயல்பாடு இருபது விழுக்காட்டை நெருங்கும்போதே அந்த ஊழியர், வீட்டின் நிலை, நோயாளியின் பார்வை, உதவிக்கு ஆள், பேருந்து வசதி ஆகியவற்றைப் பதிவுசெய்து சிறுநீரக மருத்துவருக்கு அனுப்பட்டும். மூச்சுத் திணறி, கழுத்தில் அவசரக் குழாயுடன் டயாலிசிஸைத் தொடங்குபவருக்குத் தேர்வு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த நிலை வருவதற்குப் பல மாதங்கள் முன்பே இருவகையின் நன்மை தீமைகளையும் குடும்பத்தாரை உட்காரவைத்து விளக்குவது சிகிச்சையின் முதற்கடமை. அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம்; ஒரு படிவமும் ஒரு மணி நேரப் பேச்சும் போதும்.