எங்க பேரைச் சொல்லி வந்த இலவச இணையம்

2015 டிசம்பர் கடைசி. சென்னையில வெள்ளம் வடிஞ்ச ஈரம்கூடக் காயல. பேப்பரைப் பிரிச்சா பக்கம் பக்கமா 'ஃப்ரீ பேசிக்ஸ்' விளம்பரம். கொடுத்தது ஃபேஸ்புக். நகரத்துல இருந்த உங்கள்ல பலபேர் அப்ப டிராய்க்கு மெயில்கூடத் தட்டியிருப்பீங்க. அந்தச் சண்டையில அடிக்கடி இழுபட்டது விவசாயி பேரு. அதனால எங்க பக்கத்துக் கணக்கையும் எழுதி வைக்கிறேன்.

கதை அந்த வருஷம் பிப்ரவரியிலேயே ஆரம்பிச்சிருச்சு. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட சேர்ந்து 'இன்டர்நெட்.ஆர்க்'னு கொண்டுவந்தாங்க. முதல்ல கிடைச்ச மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு. டேட்டாவுக்குக் காசு கிடையாது. ஆனா பட்டியல்ல இருக்கிற தளங்கள் மட்டும்தான் திறக்கும். மார்ச்சுல டிராய் 118 பக்கத்துக்கு ஒரு கலந்தாய்வு அறிக்கை விட்டுச்சு. பதில் சொல்லி பத்து லட்சம் மெயில் குவிஞ்சது. எதிர்ப்பு வலுத்ததும் செப்டம்பர்ல பேரை மட்டும் மாத்தினாங்க. டிசம்பர் 9-ம் தேதி, கட்டண வேறுபாடு சரியா தப்பான்னு டிராய் அடுத்த அறிக்கையை விட்டுச்சு. விளம்பரம் பறந்தது அதுக்குத்தான்.

டிசம்பர் 28-ம் தேதி ஜுக்கர்பெர்க்கே டைம்ஸ் ஆஃப் இந்தியாவுல கட்டுரை எழுதினார். அதுல மகாராஷ்டிரா விவசாயி ஒருத்தர் வர்றார். இலவச இணையத்துல மழை நிலவரம் பார்க்கிறார், விளைபொருள் விலை பார்க்கிறார், புதுப் பயிர் வைக்கிறார். இதனால இணையத்துக்கு என்ன கெடுதல்னு கேட்டிருந்தார்.

கேட்டா நியாயமாத்தான் படும். ஆனா எங்களுக்கு இது பழகின சங்கதி. கமிஷன் மண்டிக்காரர் நடவு நேரத்துல முன்பணம் கொடுப்பார், வட்டி கேக்க மாட்டார். விளைஞ்ச சரக்கு மட்டும் அவர் மண்டிக்கே போகணும். பக்கத்து மண்டியில கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட வித்தாலும் வண்டியை அங்க திருப்ப முடியாது. அவர் கெட்டவர்னு சொல்லல. ஆத்திரம் அவசரத்துக்கு அவர்தான் நிப்பார். ஆனா விலை பார்க்கிற சுதந்திரம் அந்த முன்பணத்தோட போயிருது.

இன்னொண்ணு, மழை. ஃப்ரீ பேசிக்ஸ்ல வீடியோ கூடாது, பெரிய படம் கூடாது. மழை நிலவரம்னா நகரத்துல 'இன்று மழைக்கு வாய்ப்பு'ன்னு ஒரு வரி போதும். மருந்தடிக்கப் போறவனுக்கு அந்த வரி எதுக்கு ஆகும்? மேகம் எங்க நிக்குது, எந்தப் பக்கம் நகருதுன்னு ரேடார் படத்துல பார்க்கணும். அடிச்ச ஒரு மணி நேரத்துல மழை வந்தா மருந்துக் காசும் கூலியும் தண்ணியோட போச்சு. ஏழைக்கு இது போதும்னு யாரோ தீர்மானிச்ச இணையம் அது.

இதை நான் தட்டுறது ஒரு பழைய லேப்டாப்புல, லினக்ஸ் போட்டு. அதுக்கும் நான் காசு கொடுக்கல. ஆனா இதைத் திறந்து பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்கும் கொடுக்கலாம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'ஃப்ரீ'ங்கிற ஒரே சொல்லுதான். நம்ம ஆளுங்க 'கட்டற்ற மென்பொருள்'னு தனிச் சொல்லு வச்சாங்க பாருங்க, அங்கதான் நிக்கிறாங்க. ஃப்ரீ பேசிக்ஸ் இலவசம்; கட்டற்றது இல்ல.

2016 பிப்ரவரி 8-ம் தேதி, தளத்துக்குத் தளம் வேற கட்டணம் போடக் கூடாதுன்னு டிராய் விதி போட்டுச்சு. மூணே நாள்ல ஃபேஸ்புக் கடையைக் கட்டிருச்சு. 'பணக்கார நகரத்துப் பசங்க ஏழைக்கு வந்ததைத் தடுத்துட்டாங்க'ன்னு அப்ப ஒரு பேச்சு இருந்துச்சு. அதுலயும் கொஞ்சம் உண்மை உண்டு. அடுத்த சில மாசம் எங்களுக்கு அதுவும் இல்ல, இதுவும் இல்ல. செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலை சரிஞ்ச பிறகுதான் ஊர்ல ஆளுக்கொரு போன் கையில ஏறுச்சு.

இப்ப எங்க தெருவுல ரேடார் படம் பார்க்காம யாரும் டேங்கை முதுகுல மாட்டுறதில்ல. கிணத்துமேட்டுலதான் சிக்னல் கிடைக்காது, வரப்பைத் தாண்டி ரோட்டுக்கு வரணும்.