தாய்மையும் இடுக்கமான வாசலும்

ஆதியாகமம் 3:16ஐ நம் சபைகள் நெடுங்காலமாகப் பிரசவ வேதனைக்கு விளக்கமாகக் கொண்டு வந்துள்ளன. அவ்வேதனையில் எவ்வளவு மனிதர் விளைவித்தது என்பதை வரலாற்றின் துணையுடன் சிந்திப்பது நம் கடமை.

குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பு வளையத்தைக் கடந்தே வெளிவர வேண்டும். வளையம் குறுகியிருப்பின் பிரசவம் தடைப்படும். 1847 ஜனவரியில் எடின்பரோவில் மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்தில் முதன்முதலாக ஈதர் கொடுத்தது இத்தகைய இடுப்புடைய ஒரு தாய்க்கே. இவ்வழக்கம் திருமறைக்கு முரணானது என்ற எதிர்ப்புக்கு அவர் அவ்வாண்டிலேயே மறுமொழி எழுதினார். 3:16இல் பெண்ணின் பாட்டைக் குறிக்கும் எபிரெயச் சொல்லே 3:17இல் ஆணின் உழைப்பையும் குறிக்கிறது. முள்ளைக் களைந்து ஏர் பூட்டுவது பாவமன்றெனில், தாயின் பாட்டைத் தணிப்பதும் பாவமன்று என்பது அவர் வாதத்தின் சாரம்.

நம் நாட்டில் காஷ்மீரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வாகன் 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். கோஷாவில் அடைபட்ட பெண்களுக்கு வெயில் கிட்டாமையால் எலும்புகள் மென்மையுற்று, இடுப்பு உருக்குலைந்து, பிரசவம் தடைப்பட்டது. வெளியில் உழைத்த படகுக்காரப் பெண்களோ எளிதில் பெற்றனர் என்று அவர் கண்டார். உடலின் குறுக்கத்திற்குச் சமூகத்தின் குறுக்கமே காரணமாயிற்று.

அச்சமூக மரபே மருத்துவரையும் வாசலில் நிறுத்தியது. 1890களின் முற்பகுதியில் திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று கணவர்கள் இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் உதவி கோரினர். மருத்துவரான அவர் தந்தை வரலாம் என்றபோது, ஆண் என்பதால் மறுத்தனர். விடியுமுன் மூன்று தாய்மாரும் மரித்தனர். அவர்கள் மரணத்தின் உடற்காரணத்தை நாம் ஆராயவில்லை. கதவு அடைபட்டிருந்தது என்பதே நமக்குப் பாடம். அவ்விரவின் கனியாக 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது.

சேர்வராயன் மலையில் வாழவந்தி போன்ற ஊரில் ஊழியம் செய்யும் ஆயருக்கு இவ்வரலாறு அயலானதன்று. தடைப்பட்ட பிரசவம் மலைப்பாதையின் வளைவுகளுக்காகக் காத்திராது. 140 செ.மீ.க்குக் குறைந்த உயரமுடைய தாய்க்குத் தனிக் கவனம் தேவை என்பது நம் நாட்டின் சுகாதார நெறி. உயரம் எச்சரிக்கையேயன்றித் தீர்ப்பன்று. சிறுமியாயிருக்கையில் அவள் உண்ட உணவே அவள் எலும்பின் வளர்ச்சியைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. ஆகவே பெண் குழந்தையின் தட்டும் சபையின் கவலைக்குரியதே.

எப்பிராத்தா வழியோரத்தில் ராகேல் அடக்கம் பண்ணப்பட்டாள். மலைவழியோரத்தில் இன்னொரு கல்லறை எழாதிருக்க, ஆயர் ஜெபிப்பதோடு நாள் நெருங்குமுன் தாயை மருத்துவமனை சேர்க்க வண்டியும் ஏற்பாடு செய்யட்டும்.